சிவப்பு மையில் அடிபட்ட வேடியப்பன்

2013 நவம்பர் தேர்வு. பேப்பர் திருத்தும் அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். என் மேசைக்கு வந்த விடைத்தாள் கட்டில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி இருந்தது: 'புறநானூறு காட்டும் நடுகல் வழிபாட்டை விளக்குக.' நடுகல் என்றால் சண்டையில் செத்த வீரனுக்கு நட்டு வைக்கும் கல். கேள்விக்குக் கீ, அதாவது விடைக்குறிப்பு, எழுதியதும் நான்தான். தொல்காப்பியர் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்ற ஆறு துறைக்கு ஆறு மதிப்பெண். ஔவையின் 232ஆம் பாட்டுக்கு இரண்டு. முன்னுரை, முடிவுரைக்கு ஒவ்வொன்று.

ஒரு விடைத்தாளில் ஆறில் இரண்டு துறைகளை மட்டும் எழுதிவிட்டு, மிச்சம் ஒன்றரைப் பக்கத்துக்குத் தன் ஊர்ச் சாமி வேடியப்பனைப் பற்றி எழுதியிருந்தார் ஒருவர். ஏரிக்கரையில் புளியமரத்தடிக் கல், அதில் வில் பிடித்த ஆள், காலடியில் நாய், ஆடு காணாமல் போனால் யார் வேண்டிக்கொள்வார்கள், சேவல் அறுப்பது யார் முறை, கள்ளுக்குப் பதிலாகத் தாத்தா இப்போது ஊற்றுவது என்ன பிராண்டு என்பது வரை. கையெழுத்து மோசம். ஒற்றுப்பிழை ஏராளம். ஒன்றரைப் பக்கத்துக்கும் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன். ஓரத்தில் 'தேவையற்றது' என்று எழுதினேன். பத்துக்கு மூன்று.

டம்மி நம்பர் போட்ட தாள். எழுதியவர் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கோடு இழுத்தவள் அரூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் நிலத்து வரப்பிலேயே ஒரு வேடியப்பன் இருக்கிறார். கேழ்வரகு அறுத்ததும் முதல் முறம் அவருக்குக் காட்டிவிட்டுத்தான் அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவார். எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கல்லில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. நான் இளங்கலையில் புறநானூறு படித்தேன், முதுகலையில் படித்தேன், எம்.ஃபில் ஆய்வேட்டில்கூட அதிலிருந்து மேற்கோள் காட்டினேன். நடுகல் என்றால் என் கண்ணில் வருவது ஒரு புத்தகத்தில் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம். வேடியப்பன் என்றால் எங்கள் வரப்புச் சாமி. ஒன்று பாடம், இன்னொன்று வீடு. இரண்டையும் முடிச்சுப் போடலாம் என்று பதினைந்து வருடப் படிப்பில் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பி.ஏ. மாணவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குத்தான் அந்தக் கோடு.

அது உறைக்க எனக்கு நாலு வருடம் ஆனது. 2017இல் அதே 232ஆம் பாட்டை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். அதியமான் நெடுமான் அஞ்சி செத்துப்போன பிறகு ஔவை பாடியது, ஆறே அடி:

இல்லா கியரோ காலை மாலை
அல்லா கியர்யான் வாழும் நாளே
நடுகல் பீலி சூட்டி நாரரி
சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ
கோடுயர் பிறங்குமலை கெழீஇய
நாடுடன் கொடுப்பவும் கொள்ளா தோனே

எனக்கு இனிக் காலையும் வேண்டாம், மாலையும் வேண்டாம். மலையும் நாடுமாகச் சேர்த்துக் கொடுத்தாலும் வாங்காதவன், அவன் கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரில் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றினால் வாங்கிக்கொள்வானா? இந்த இடத்தில் பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் கேட்டான், "மேடம், இது வேடியப்பன் பாட்டா?" வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எத்தனை பேர் ஊரில் இப்படிக் கல் இருக்கிறது என்று கேட்டேன். நாற்பது பேரில் பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் 2013இல் இழுத்த கோடு ஞாபகத்துக்கு வந்தது.

எந்த நூல் பாடமாகும், எது ஆகாது என்ற பட்டியலை ஆய்வாளர்கள் கேனன் என்பார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சிலபஸ். இன்னும் சரியாகச் சொன்னால் "டிஆர்பிக்கு வருமா மேடம்?" டிஆர்பி என்பது ஆசிரியர் தேர்வு வாரியம். புதிதாக எந்தக் கவிஞர் பெயரைச் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். குரூப் ஃபோர் தேர்வில் இருநூறு கேள்விக்கு நூறு தமிழ். தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் கோச்சிங் சென்டர் போர்டுகளை எண்ணினாலே தெரியும், இங்கே இலக்கியத்தின் காவலர்கள் யாரென்று. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, அம்மா மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை, வீட்டில் முதல் பட்டதாரி. அந்தப் பிள்ளையிடம் போய் நான் ரசனை பற்றி வகுப்பெடுக்க முடியாது.

ஆனால் இந்தப் பட்டியல் ஏதோ சங்கப்பலகையிலிருந்து நேராக இறங்கி வந்தது போலப் பேசும்போது மட்டும் எனக்குப் பொறுக்காது. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கும் ஒரு சந்திப்பை ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் சொல்லுவேன். 1880, கும்பகோணம். அங்கே முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியார், நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று ஐயரைக் கேட்கிறார். ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரித் தமிழாசிரியர், இருபத்தைந்து வயது. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள் என்று பெருமையாக அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. இவற்றால் என்ன பயன் என்கிறார். பிறகு சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை பற்றிக் கேட்கிறார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. படித்த புலவர் ஒருவருக்கு அன்றைய தமிழ் என்றால் அதுதான். அவருக்குக் கற்பித்தவர்கள் யாரும் குறைந்தவர்கள் இல்லை. பட்டியல் அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியிலிருந்து 1887இல் சீவக சிந்தாமணி அச்சானது, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. என் வகுப்பில் ஔவை வந்து உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் ஆண்டுதான் ஆகிறது. கேள்வி கேட்ட முதலியார் சேலத்துக்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். 1965 வரைக்கும் நாங்களும் சேலம் ஜில்லாதானே.

எங்கள் ஊருக்கென்று ஒரு புத்தகம் இருந்தது. தகடூர் யாத்திரை. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து அதியமானை வென்ற கதை. நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் எடுத்தாண்ட பாட்டுகள்தான் மிச்சம். அதே சமயம் வென்ற சேரனை அரிசில்கிழார் பாடிய பத்துப் பாட்டும் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்தாக நன்றாக இருக்கின்றன. அதற்கு அவர் பெற்ற பரிசு ஒன்பது லட்சம் காணம் பொன்னும் அரசு கட்டில் எனும் அரியணையும் என்று பதிகம் சொல்கிறது. கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சரானாராம். ஊரை அடித்தவனுடைய பாட்டு பத்திரமாக இருக்கிறது, அடிபட்ட ஊரின் நூல் உதிர்ந்துவிட்டது என்று வகுப்பில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "தோத்தவனுக்கு ஔவை பாடினது இருக்கே மேடம்" என்றாள். இருக்கிறதுதான். என் வசனம் அப்படியே கீழே விழுந்தது. ஏடு எது செல்லரிக்கும், எது தப்பும் என்பதில் நியாயம் தேடக்கூடாது போல.

ஔவை விஷயத்திலேயே இன்னொன்று. நெல்லிக்கனிப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். அதியமான் கோட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருப்பார்கள். 235ஆம் பாட்டைச் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள். 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே.' கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்று அழுகிறாள். கூன் விழுந்த, கோல் ஊன்றிய பாட்டியை மனசில் வைத்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். நூல் பட்டியலில் இருப்பதாலேயே அதை முழுசாகப் படிக்கிறோம் என்று ஆகிவிடாது. ஒரு நோட்ஸில் பார்த்தேன், அந்த அடிக்கு 'சிறிய அளவு உணவு' என்று பொருள் போட்டிருந்தது.

சரி, பாடத்திட்டம் போடும் போர்டு மீட்டிங் கதைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்ப்பது தன்னாட்சிக் கல்லூரி. சிலபஸை நாங்களே போட்டுக்கொள்ளலாம். துறைத் தலைவர், ஆசிரியர்கள், வெளி வல்லுநர்கள், பல்கலைக்கழகம் அனுப்பும் ஒருவர், பழைய மாணவர் ஒருவர், இவர்களோடு தொழில்துறைப் பிரதிநிதி ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும். தமிழ்த் துறைக்கு என்ன தொழில்துறை? கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சக உரிமையாளர் ஒருவரை உட்கார வைத்திருந்தோம். நான் கௌரவ விரிவுரையாளர். எனக்கு மினிட்ஸ் எழுதும் வேலை. ஆனால் வரைவு சிலபஸை டைப் செய்கிறவள் கையில் கொஞ்சம் அதிகாரம் இருக்கத்தான் செய்கிறது. 'நடுகல்லும் இலக்கியமும்' என்று ஒரு தாளை நைசாக உள்ளே வைத்திருந்தேன்.

வெளி வல்லுநர் ஒருவர் கேட்டார், "அதான் நாட்டுப்புறவியல் தாள் இருக்கே, அதுல ஒரு அலகாப் போட்டா போதாதா?" இந்தக் கேள்விக்கு நான் தயாராகவே போயிருந்தேன். நாட்டுப்புறவியல் தாளில் எங்கள் பிள்ளைகள் வில்லுப்பாட்டின் உறுப்புகளை மனப்பாடம் செய்கிறார்கள். தருமபுரியில் வில்லுப்பாட்டை யார் நேரில் பார்த்தார்கள்? இங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், கடைசி நாள் காலையில் துரியோதனன் மண்ணில் கிடப்பான். அது பாடத்தில் மூன்று வரி. ஓரத்தில் வைக்கப்பட்டதற்குள்ளேயும் ஒரு நடு, ஒரு ஓரம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நடுகல் எழுத்தை நாங்கள் வரலாற்றுத் துறைக்குத் தாரை வார்த்துவிட்டோம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அந்தக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி. எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆண்டு, யார் தொறு கொண்டார், யார் தொறு மீட்டுப் பட்டார். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டார் என்றால் செத்தார். புத்தகத்தில் மாடு கவர்வதை வெட்சி, மீட்பதைக் கரந்தை என்று பூப்பெயரில் படிப்பது இங்கே ஆள் பெயரோடு, ஊர்ப் பெயரோடு நிற்கிறது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. செத்த வீரன் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு வருடம் காப்பாற்றிய வாக்கியம் இலக்கியம் இல்லையென்றால் வேறு எதுதான் இலக்கியம் என்று கேட்டேன். மினிட்ஸ் எழுதுகிறவள் இவ்வளவு பேசக்கூடாது.

கென்யாவையும் இழுத்தேன். 1968இல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் மூன்று பேர் ஆங்கிலத் துறையையே கலைக்கச் சொல்லி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒருவர் அப்போது ஜேம்ஸ் என்ற பெயரில் இருந்த நாவலாசிரியர் கூகி வா தியாங்கோ. இங்கிலாந்தை நடுவில் வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவை ஒட்டுப்போடாதீர்கள், ஆப்பிரிக்காவை நடுவில் வைத்துவிட்டு மற்றதைச் சுற்றி வையுங்கள், வாய்மொழி இலக்கியத்தை முதலில் வையுங்கள் என்றார்கள். "அது ஆங்கிலத்தை எதிர்த்து. இங்க எல்லாமே தமிழ்தானே?" என்றார் வல்லுநர். நியாயமான கேள்வி. ஒருவழியாகப் பதில் சொன்னேன், திருப்தியாகச் சொல்லவில்லை.

அச்சக உரிமையாளர் அதுவரை பேசவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இதுக்கெல்லாம் புக்கு கடையில கெடைக்குமா?" எல்லோரும் சிரித்தோம். அப்புறம் யோசித்தால் மேசையில் விழுந்த கேள்விகளிலேயே அதுதான் கனமானது. நல்ல நாவல் ஒன்றை வைக்க ஆசைப்பட்டு, மறுபதிப்பு இல்லை என்று விட்டிருக்கிறோம். ஐந்நூறு ரூபாய்ப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தே மூன்று வருடம் ஓட்டியிருக்கிறோம். எது பாடமாகும் என்பதைப் பாதி தீர்மானிப்பது பதிப்பகத்தின் கையிருப்பு. மீதிப் பாதி பயம். நாவலில் சாதிப் பெயர் வருகிறதா, கெட்ட வார்த்தை இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடிய அனுபவம் எனக்கே உண்டு. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து தலித் எழுத்தாளர்கள் பாமாவையும் சுகிர்தராணியையும் எடுத்தபோது ஊரெல்லாம் பேச்சு. எடுப்பதாவது வெளியே தெரிகிறது. முதலிலேயே வைக்காமல் விடுவதற்குச் சத்தமே கிடையாது.

கடைசியில் தாள் ஏறியது. ஆனால் கிரெடிட் கணக்கு இடித்தது. ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும். போனது அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ் எல்லாம் அடங்கிய சிற்றிலக்கியத் தாள். முழுத் தாளாக இருந்ததை ஒரே அலகாகச் சுருக்கினோம். சுருக்கச் சொன்னவள் நான்தான். எங்கள் துறைத் தலைவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருந்தார். இருபது வருடமாகப் பிள்ளைத்தமிழ் நடத்தியவர். மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் வராந்தாவில் தனியாக நின்று 'தொடுக்கும் கடவுள் பழம்பாடல் தொடையின் பயனே' என்று மீனாட்சியம்மையின் வருகைப் பருவத்தை மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். எனக்காகப் பாடவில்லை. நான் அந்தப் பக்கமாகப் போனதைப் பார்த்தாரா என்றும் தெரியாது. 1880இல் முதலியார் என்ன பயன் என்று கேட்ட அதே கட்டு நூல்களை நானும் ஒரு தரம் வெளியே தள்ளியிருக்கிறேன். இன்றுவரை அதில் எனக்குச் சமாதானம் இல்லை.

புதுத் தாளில் இரண்டாம் உள்தேர்வுக்குப் பதில் களப்பணி. ஆளுக்கு ஒரு கல். முதல் ஆண்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறி ஒரு ஊருக்குப் போனோம். பெயர் வேண்டாம், ஏற்கெனவே அங்கே புதையல் தோண்டுகிறேன் என்று கல்லைச் சாய்க்கும் ஆட்கள் வருகிறார்கள். வேலிக்காத்தான் நடுவில் இடுப்பளவுக் கல். பூசை செய்யும் பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்திருந்ததைக் கல்லின் காலடியில் ஊற்றினார். டம்ளரைப் பார்த்ததும் ஒருவன் என் காதோரமாக "சிறுகலத்து உகுப்பவும்" என்றான். எனக்குச் சிலிர்த்தது.

பாட்டியிடம் பாட்டின் பொருளைச் சொன்னேன். பெரிய நாட்டையே வேண்டாம் என்றவன், இத்தனூண்டு கள்ளை வாங்குவானா என்று ஔவை கேட்கிறாள் என்று. பாட்டி என்னைப் பார்த்தார். "ஏன் கண்ணு வாங்க மாட்டான்? ஊத்தனா மண்ணு இழுத்துக்குது பாரு." குனிந்து பார்த்தோம். ஈரம் மட்டும்தான் இருந்தது.

ஔவையின் கேள்விக்கு எந்த உரையிலும் நான் இப்படி ஒரு பதிலைப் படித்ததில்லை. பதில் சரியா என்பது வேறு. ஔவை கேட்பது துக்கத்தில், பாட்டி சொல்வது நம்பிக்கையில். ஆனால் அந்தக் கேள்வியை ஒருவர் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எடுத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். நாங்கள் அதை 'இரங்கல் மிகுதியால் எழுந்த வினா' என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொள்வோம்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் ஊர்க் கல்லுக்கு முன்னால் பாட்டி பாடிய பாட்டை ஃபோனில் பதிவு செய்து வந்தாள். தெலுங்குப் பாட்டு. வீட்டில் தெலுங்கு, கல்லூரியில் பி.ஏ. தமிழ். களப்பணி நோட்டில் அதைத் தமிழ் எழுத்தில் எழுதலாமா, மொழிபெயர்த்துதான் எழுத வேண்டுமா என்று கேட்டாள். தமிழ்த் துறைத் தாளில் தெலுங்குப் பாட்டுக்கு மதிப்பெண் போடலாமா என்று நானும் ஒரு வாரம் குழம்பினேன். இரண்டையும் எழுதச் சொன்னேன், மதிப்பெண்ணும் போட்டேன். அடுத்த போர்டில் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பயம் இருக்கிறது.

இந்த நவம்பர் தேர்வுக்கு மறுபடி நான்தான் கேள்வித்தாள். அதே பத்து மதிப்பெண் கேள்வியை வேண்டுமென்றே வைத்தேன். கீயில் ஒரு வரி சேர்த்தேன்: 'தம் ஊர் நடுகல், வேடியப்பன் வழிபாடு குறித்துப் பாட்டோடு பொருத்தி எழுதியிருப்பின் நான்கு மதிப்பெண் வரை வழங்கலாம்.' வெளியிலிருந்து திருத்த வந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். மத்தியானம் ஃபோன் செய்தார்.

"மேடம், இந்த வேடியப்பன்ங்கறது யாரு? கட்டுல பத்துப் பேரு எழுதியிருக்காங்க."

சொன்னேன். கல், வில், நாய், தொறு மீட்டுப் பட்டவன் என்று எல்லாம் சொன்னேன். பட்டவன் என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எங்க ஊர்ல பட்டவன்னு ஒரு சாமி இருக்கு மேடம். எங்கப்பா கெடா வெட்டுவாரு. அதுவும் இதுதானா?"

இதுவாக இருக்கலாம் சார் என்றேன். அவர் தன் ஊர்க் கோயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கட்டில் இன்னும் நாற்பது தாள் பாக்கி என்பது இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை.